வெப்பமானி இல்லாத காலத்தில் ஊர்க் கொல்லர் இரும்பின் சூட்டை எப்படி அறிந்தார்?

கண்ணால்தான். கொல்லுப்பட்டறை பகலிலும் மங்கலாகவே கிடக்கும். தாழ்ந்த கூரை, ஒரு பக்கம் மட்டும் திறப்பு. வசதியில்லாமல் அப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். வெயிலில் வைத்தால் பழுக்கக் காய்ச்சிய இரும்பின் நிறம் சரியாகத் தெரியாது என்பது பிறகுதான் புரிந்தது.

துருத்தி ஊத ஊத, உலையில் இரும்பு மங்கிய சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் போகும். மஞ்சளில், ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல், சம்மட்டிக்கு நன்றாக இளகிக் கொடுக்கும்; தேய்ந்த ஏர்க்கொழுவை நீட்டி அடிப்பது அப்போதுதான். வெள்ளைக்கு ஏறிப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது என்று பொருள்.

உண்மையான வித்தை வெட்டரிவாளின் வாயை நீரில் தோய்ப்பதில் இருக்கிறது. எஃகு வாய் நல்ல சிவப்பில், 800 டிகிரி அளவில், இருக்கும்போது தண்ணீரில் முக்கினால் ‘சுர்’ரென்று இறுகிவிடும். ஆனால் அந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி. கட்டையில் ஓங்கிப் போட்டால் தெறித்துவிடும். அதனால் வாயை மட்டும் நனைத்து எடுப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்கி, அது தெறிக்கும் தன்மையைக் குறைக்கும். கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் ஊர்ந்து வரும். மஞ்சளுக்கு 220 டிகிரி, நீலத்துக்கு 300, இடைவெளி அவ்வளவுதான். வேண்டிய நிறம் வாயைத் தொட்டதும் முழுதாக முக்கிவிடுவார். கொஞ்சம் அசந்து நீலத்தையும் தாண்ட விட்டால், விறகு வெட்டுகிறவர் மழுங்கிய அரிவாளோடு மறுநாளே வந்து நிற்பார். பல ஊர்களில் அப்போது களத்தில் அளந்த நெல்தான் ஆண்டுக்கூலியாக இருந்தது. மறுபடி அடிக்கத் தனிக் காசு கிடையாது.