பிரிஸ்பேனுக்குச் சுற்றுச்சூழல் படிக்க வரும் சேரன்மகாதேவித் தம்பிக்கு

தம்பி, அண்ணாச்சினு கூப்பிட்டுட்ட, அதுவும் சேரன்மகாதேவிக்காரன். பதில் சொல்லாம இருந்தா கன்னடியன் கால்வாய்த் தண்ணியில வளர்ந்ததுக்கே அர்த்தமில்லாமப் போயிரும். உங்க ஊருக்குத் தண்ணி வர்ற வழியிலதான் எங்க கல்லிடைக்குறிச்சி.

பிளஸ் டூ முடிச்சு, பிரிஸ்பேன்ல பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலுக்கு இடம் கிடைச்சிருக்குனு எழுதியிருக்க. எந்த ஏரியாவுல வீடு பாக்க, பார்ட் டைம் வேலை கிடைக்குமா, பி.ஆர். (இங்கயே நிரந்தரமாத் தங்குற அனுமதி) வருமா, குக்கர் கொண்டு வரவானு வரிசையாக் கேட்டுட்டு, கடைசியில போற போக்குல ஒரு வரி: ‘கோர்ஸ் ஈஸிதானே அண்ணாச்சி?’ வீடு, வாடகையெல்லாம் இப்பப் படிக்கிற பையன்கள்ட்ட கேட்டுக்கோ. அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதுதேன்.

ஈஸினு யார் சொன்னா? ஏஜென்ட்டா? 2006ல எனக்கும் ஒருத்தர் அதத்தான் சொன்னாரு. “கணக்கு கிடையாது, மரம் செடி கொடியப் பத்தி எழுதுனா பாஸ்.” பையனைச் சேத்துவிட்டா ஏஜென்ட்டுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் குடுக்கும், அவர் பேச்சும் அதுக்குத் தக்கனதான் இருக்கும். கோர்ஸ் ஹேண்ட்புக் இணையத்துல சும்மாதான் கிடக்கு, மூணு வருஷப் பாடத்தையும் நீயே ஒவ்வொண்ணா வாசி. புள்ளியியல் இருக்கும், மண்ணியல் இருக்கும், ஜி.ஐ.எஸ்.னு கம்ப்யூட்டர்ல வரைபடம் போடுற பாடம் இருக்கும், சட்டம்கூட இருக்கும். வந்து இறங்கி முதல் மாசம் நான் முழிச்ச முழி இருக்கே!

இறங்குனதே கோளாறுதான். 2007 பிப்ரவரி. ஏர்போர்ட்ல குடுத்த கார்டுல உணவுப் பொருள், விதை இருக்கானு கேட்டிருந்துச்சு. எல்லாத்துக்கும் ‘இல்லை’னு டிக் அடிச்சேன். பையத் திறந்தா அப்பளக் கட்டுக்கு அடியில, அம்மா செய்தித்தாள்ல பொட்டலம் மடிச்சு அவரை விதையும் பாகல் விதையும் வச்சிருக்கா. “அங்க போயி ஒரு பந்தல் போட்டுக்கோ”னு நினைச்சிருப்பா, பாவம். சோதனை போட்ட பெண் ஆபீசர் என் வயசப் பாத்துட்டு எச்சரிக்கையோட விட்டாங்க. விதை குப்பைக்குப் போச்சு. அப்பளம் தப்பிச்சுது.

இப்ப முக்கியமான விஷயம். முதல் செமஸ்டர்ல ஒரு ஓடையில இறங்கி அளந்துட்டு வந்து ரிப்போர்ட் எழுதணும். நான் அளவெல்லாம் ஒழுங்காத்தான் எடுத்தேன். ஆனா நீர் மாசுபாடுனா என்னன்னு பாடப்புத்தகத்துல இருந்த ரெண்டு பத்தியை மனப்பாடமா, ஒரு கமா பிசகாம எழுதி வச்சேன். நம்ம ஊர்ல அதுக்கு முழு மார்க்கு, தட்டிக் குடுத்து அனுப்புவாங்க. இங்க ரூமுக்குக் கூப்பிட்டு, என் ரிப்போர்ட்டையும் அந்தப் புத்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுனாங்க. திருட்டுனு சொல்லலை, ஆனா அர்த்தம் அதுதான். பூஜ்யம். அடுத்த தடவைனா நடவடிக்கைனு எச்சரிக்கை வேற. அன்னைக்கு ராத்திரி ஊருக்குப் போன் போட்டு, ‘நல்லாருக்கேன்மா, சாப்டுட்டேன்’னு பொய் சொன்னது இன்னமும் நினைவிருக்கு.

அடுத்த ரிப்போர்ட்டுக்கு அதே ஓடைக்குத் தனியா போனேன். முழங்கால் அளவு தண்ணி. ஒரு இடத்துல சால்வினியாங்கிற மிதக்குற களைச்செடி பச்சைப் பாய் விரிச்ச மாதிரி மூடிக் கிடந்துச்சு. அதுக்கு அடியில மீட்டரை விட்டா கரைஞ்ச ஆக்சிஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராம்கூட இல்ல. பத்தடி தள்ளி, கல்லுல தட்டிச் சலசலனு ஓடுற இடத்துல 7க்கு மேல. ஏன்னு யோசிச்சேன். ஆகாயத்தாமரை மூடுன குளத்துல மீன் வாயைப் பொளந்துட்டு மேல வர்றத நீயும் நானும் பாத்துதான வளர்ந்தோம்? வெளிச்சம் கிடையாது, காத்து படாது, அழுகுற இலை இருக்குற ஆக்சிஜனையும் தின்னுரும். அதையே எனக்கு வந்த ஓட்டை இங்கிலீஷ்ல எழுதுனேன். நல்ல மார்க்கு. ஓரத்துல பென்சில்ல ‘இதைத்தான் கேட்டேன்’னு வாத்தியார் எழுதியிருந்தாரு.

இன்னொரு குழி, சென்சஸ் டேட். நான் அதை மக்கள்தொகைக் கணக்கெடுப்புனு நினைச்சு விட்டுட்டேன், சிரிக்காத. ஒரு பாடம் உனக்கு ஒத்து வராதுனா அந்தத் தேதிக்குள்ள விட்டுட்டா பணம் போகாது. மறுநாள்னா முழுப் பணமும் போச்சு. செமஸ்டர் தொடங்கி நாலாவது வாரத்தை ஒட்டி வரும். அப்பா நகையை அடகு வச்ச பணம் எனக்கு ஒரு பாடத்துக்கு அப்படிப் போச்சு.

அந்த வருஷம் இங்க கடும் வறட்சி. நகரத்துக்குத் தண்ணி குடுக்குற அணைகள்ல 20 சதவீதத்துக்கும் கீழ. ஆளுக்கு நாளைக்கு 140 லிட்டர்னு இலக்கு வச்சாங்க. குளிக்க நாலு நிமிஷம், அதுக்கு ஒரு மணல் கடிகாரம். எங்க வீட்டுல அஞ்சு பசங்க, பாத்ரூம் டைல்ஸ்ல அதை ஒட்டி வச்சிருந்தாங்க. மணல் தீந்தா வெளியில இருந்து கதவைத் தட்டுவான் ஒரு ஹைதராபாத்காரன். ஆத்துல ஒரு மணிநேரம் கிடந்து ஊறுனவன் நான்! வகுப்புல வீட்டுத் தண்ணிச் செலவைக் கணக்குப் போடச் சொன்னப்ப, “நாங்க ஆத்துல குளிப்போம், செலவே கிடையாது”னேன். வாத்தியார் சிரிக்கல. “அந்த ஆத்துத் தண்ணியை யார் பங்கு வைக்காங்க?”னு கேட்டாரு. தாமிரபரணியில எட்டு அணைக்கட்டு, கால்வாய், மடை, வயலுக்குத் தண்ணி திறந்துவிடுற நீர்ப்பாய்ச்சினு இருபது நிமிஷம் பேசினேன். அதுதான் என் முதல் இங்கிலீஷ் பேச்சு.

ரெண்டாம் வருஷம் களைச்செடிப் பாடத்துல திரையில ஒரு படம். மாலை கோத்த மாதிரி நெத்து, வெள்ளை முள்ளு. நம்ம நாட்டுக் கருவேலம்! கூந்தன்குளத்துல பறவை கூடு கட்டுற மரம், ஆடு நெத்து தின்ன ஓடுற மரம், இங்க தேசிய அளவுல களைனு பட்டியல்ல இருக்கு. 1890கள்ல நிழலுக்கும் தீவனத்துக்கும்னு கொண்டு வந்தாங்களாம். மாடு நெத்தைத் தின்னு சாணி வழியா விதைச்சு, குயின்ஸ்லாந்து புல்வெளியில 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல பரவிருச்சு. நமக்குச் சீமைக்கருவேலம் எப்படியோ, அப்படி இவங்களுக்கு நம்ம கருவேலம். அம்மாவோட அவரை விதையை அந்த ஆபீசர் ஏன் தூக்கிப் போட்டாங்கனு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

வேலை விஷயம். காட்டைக் காப்பாத்தப் போறோம்னு வந்தவன் நான், சம்பளம் குடுத்தது நிலக்கரிச் சுரங்கம். தோண்டி முடிச்ச மண்மேட்டுல புல் முளைச்சிருக்கா, மழைக்கு அரிச்சிருக்கானு ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில வச்சு எண்ணுறதுதான் என் பொழப்பு. வெக்கமில்லை, அதுவும் யாராவது எண்ண வேண்டியதுதான். ஆனா களத்துக்கு டிரைவிங் லைசென்ஸ் இல்லாதவனை எவனும் கூட்டிட்டுப் போக மாட்டான். குக்கரைவிட அதுதான் அவசியம், ஊர்லயே கியர் கார் நல்லா ஓட்டிப் பழகு. பி.ஆர். விதி அடிக்கடி மாறும், அதை நம்பிப் பாடம் எடுக்காத.

பார்ட் டைம், வகுப்பு நடக்குற காலத்துல ரெண்டு வாரத்துக்கு 48 மணிநேரம்தான். நம்ம ஊர்க்காரர் கடைனு நம்பிக் கையில காசு வாங்கிட்டு வேலை பாக்காத. என்னைப் பாதிச் சம்பளத்துக்குப் பாத்திரம் கழுவ வச்சவரும் நம்ம மாவட்டம்தான், அண்ணாச்சி அண்ணாச்சினுதான் நானும் கூப்பிட்டேன். பொங்கல் விழாவுல பாக்குற மாமாக்கள், “சுற்றுச்சூழலா? ஐ.டி. கிடைக்கலையா?”னு கேப்பாங்க. சவத்தைத் தள்ளு. எட்டுப் பேரும் தமிழ்ப் பசங்களாவே ஒரு வீட்டுல அடையாத, அப்புறம் இங்கிலீஷ் பேசுறது கடைக் கல்லாவுல மட்டும்தான்னு ஆயிரும்.

குக்கர் கொண்டு வா. அப்பளம் கொண்டு வா, கார்டுல ‘உண்டு’னு எழுதிக் காட்டு. கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி பையை ஒருவாட்டி பாயில கொட்டிப் பாத்துக்கோ, அம்மா எதையாவது மடிச்சு வச்சிருப்பாங்க.