3 மாதம் பின்னால் எண்ணிப் பாருங்கள்: சுருட்டை முடிக் கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம். தோல் நோய்ப் பிரிவில் 27 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கொடைக்கானலில் குடியிருக்கிறேன். எனக்கும் சுருட்டை முடிதான். கல்யாணம், பிள்ளைப்பேறு, ஊர் மாற்றம், சிகிச்சை, சாவு என்று வாழ்க்கை புரண்ட நேரத்தில் முடியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நோய் என்று பட்டால் டாக்டரிடம் போகச் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பெருமாள்மலையிலிருந்து: குழந்தை பிறந்து 4 மாதம் ஆகிறது அக்கா. தலை குளித்தால் கொத்துக் கொத்தாக வருகிறது. சுருளும் தளர்ந்துவிட்டது. பால் கொடுப்பதால்தான் என்கிறார்கள். நிறுத்திவிடவா?

நிறுத்தாதீர்கள் தங்கச்சி. பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கர்ப்பமாக இருந்தபோது ஹார்மோன் உங்கள் முடியை விழவிடாமல் பிடித்து வைத்திருந்தது. 6வது, 7வது மாதத்தில் முடி அடர்த்தியாக இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கே விழ வேண்டிய முடி அது. பிரசவம் ஆனதும் அவ்வளவும் ஒரே நேரத்தில் ஓய்வுப் பருவத்துக்குப் போய்விட்டது. ஓய்வுக்குப் போன முடி வேரைவிட்டு வர ஏறக்குறைய 3 மாதம் ஆகும். அதனால்தான் இப்போது விழுகிறது. பெரும்பாலும் 4வது மாதத்தில்தான் உச்சம். குழந்தையின் முதல் பிறந்தநாள் வாக்கில் சரியாகிவிடும்.

முடி உதிர்கிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: 3 மாதம் பின்னால் எண்ணிப் பாருங்கள். டெங்கு, டைபாய்டு, ஆபரேஷன், பட்டினி டயட், துக்கம் என்று ஏதாவது ஒன்று அங்கே இருக்கும்.

சுருட்டை முடிக்காரர்கள் மற்றவர்களைவிட அதிகம் பயப்படவும் ஒரு காரணம் உண்டு. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. நேர்முடிக்காரர்களுக்கு அது தினமும் சீப்பிலும் தரையிலும் போய்விடும். நமக்கு உதிர்ந்த முடி சுருளுக்குள்ளேயே சிக்கி நிற்கும். 4 நாள் கழித்துத் தலை குளித்தால் 4 நாள் முடியும் மொத்தமாகக் கையில் வரும். பார்க்கப் பயங்கரமாகத்தான் இருக்கும்.

சுருள் தளர்வதும் ஹார்மோனால் நடக்கக்கூடியதே. நெற்றி ஓரம் குட்டையாகப் புதுமுடி கிளம்பினால் நல்ல சேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள், ஆனால் டீயோடு வேண்டாம். மலையில் நாம் நாலு வேளை டீ குடிக்கிறவர்கள். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ரொம்பக் களைப்பு, படபடப்பு இருந்தால் தைராய்டும் பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு அது புரளும்.

வத்தலக்குண்டுக்காரி, இப்போது கொடைக்கானலில்: கல்யாணமாகி மேலே வந்து 5 மாதம். கீழே இருந்தவரை சுருள் அழகாக நிற்கும். இங்கே ஒரு நாள் பிசுபிசு, மறுநாள் பரட்டை. குளிருக்குத் தேங்காய் எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லையா?

எண்ணெயைக் குற்றம் சொல்வதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். கீழே போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். ஷாம்பு நுரைக்காது, அதனால் கை தாராளமாகவே பழகியிருக்கும். இங்கே ஓடைத் தண்ணீர் மென்மையானது. அதே அளவு போட்டால் நுரை பொங்கும், அலசினாலும் வழுக்கல் லேசில் போகாது. பாதி அளவு போடுங்கள். சீயக்காய் என்றாலும் குறைத்து, தளர்வாகக் கரைத்துக்கொள்ளுங்கள். நம் முடி வளைந்து வளைந்து போவதால் தலையில் சுரக்கும் எண்ணெய் நுனிவரை இறங்காது. அதனால் நுனி எப்போதும் காய்ந்தே இருக்கும். கெட்டிச் சீயக்காய் அதை இன்னும் காய வைக்கும்.

அப்புறம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். இங்கே அது பாட்டிலில் வெள்ளையாக உறைந்துதான் கிடக்கிறது. கட்டியைத் தோண்டி உள்ளங்கையில் தேய்த்து வைத்தால் ஓரிடத்தில் அப்பிக்கொள்ளும், இன்னோரிடத்தில் ஒன்றுமே சேராது. உங்கள் பிசுபிசுவும் பரட்டையும் அதுதான். பாட்டிலை வெந்நீரில் 5 நிமிடம் நிறுத்தி வையுங்கள். உருகியதில் ஒரு டீஸ்பூன் போதும், குளிப்பதற்கு 2 மணி நேரம் முன்னால் நுனியிலிருந்து மேலே தடவி வாருங்கள். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள்ளேயே போகக்கூடியது. 2003ல் இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். அதனால் பாட்டியின் எண்ணெயைக் கைவிட வேண்டாம், வைக்கும் நேரத்தை மட்டும் மாற்றுங்கள்.

கொதிக்கக் கொதிக்கத் தலையில் ஊற்றாதீர்கள். குளிர் நடுக்கத்தில் எல்லாரும் செய்யும் தப்பு இது. உடம்புக்கு வெந்நீர், தலைக்கு வெதுவெதுப்பு. மூடுபனி நாளில் ஈரத்தோடு கொண்டை போடாதீர்கள், அரை நாள் ஆனாலும் உள்ளே காயாது. பழைய பனியன் துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்தபின் தளர்வாகப் பின்னுங்கள். புது வீட்டில் தலையை விரித்துப் போடாதே என்று சொல்கிறவர்களுக்கும் அது போதும்.

நாயுடுபுரத்திலிருந்து: முடி உதிர்வுக்கு எந்த எண்ணெய் நல்லது?

எந்த எண்ணெயும் உதிர்வை நிறுத்தாது. உடைவதைக் குறைக்கும், அவ்வளவுதான். மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

வில்பட்டியிலிருந்து: யூகலிப்டஸ் தைலத்தை நேராகத் தலையில் தேய்த்தால் முடி வளருமாமே?

வேண்டவே வேண்டாம். கடைக்குக் கடை விற்பதால் அது தலைக்கான எண்ணெய் ஆகிவிடாது. கலக்காமல் தேய்த்துத் தோல் வெந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது எட்டும் இடத்திலேயே இருக்கக்கூடாது. கொஞ்சம் உள்ளே போனாலும் வலிப்பு வரலாம்.

தாண்டிக்குடியிலிருந்து: மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ முடிந்து 4 மாதம். வாழ்நாள் முழுக்க நேர்முடி எனக்கு. இப்போது முளைப்பது சுருள் சுருளாக, பாதி நரையாக இருக்கிறது. கண்ணாடியில் யாரோ மாதிரி இருக்கிறேன். இது இப்படியே நிற்குமா? டை அடிக்கலாமா?

அம்மா, சிகிச்சையை முடித்து வந்ததற்கு முதலில் என் அன்பு. கீமோவுக்குப் பிறகு முடி சுருண்டு வருவது நிறையப் பேருக்கு நடப்பது. மருந்து முடியின் வேர்ப்பையையும் தாக்கியிருக்கும். அது மீண்டு வரும்போது முதலில் அனுப்பும் முடி வேறு மாதிரி இருக்கும். பலருக்கு ஒரு வருடம் போல ஆனதும் பழைய முடி மெல்லத் திரும்புகிறது, சிலருக்குச் சுருளே தங்கிவிடுகிறது. உங்களுக்கு எப்படி என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், பொறுமை வேண்டும்.

டை இப்போது வேண்டாம். சிகிச்சை முடிந்து 6 மாதமாவது போகட்டும், அதன் பிறகும் உங்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். மருதாணி என்றால் வெறும் இலை, வீட்டில் அரைத்தது மட்டும். கடையில் கறுப்பாக வரும் என்று விற்கும் மருதாணியில் டையில் இருக்கும் அதே ரசாயனம் இருக்கலாம்.

இதுவரை நேர்முடியோடு வாழ்ந்த உங்களுக்குச் சுருட்டை முடியின் முதல் பாடம்: காய்ந்த தலையைச் சீவாதீர்கள். ஈரத்தில், அகலப் பல் சீப்பால், இல்லை விரலால், நுனியிலிருந்து. வாரம் ஒரு முறை தலை குளித்தால் போதும். இன்னொன்று, மலையில் வெயில் உறைக்காது என்றாலும் புறஊதாக் கதிர் அதிகம். ஆயிரம் மீட்டர் ஏறினால் பத்தில் ஒரு பங்கு கூடும். தோட்டத்துக்குப் போகும்போது பருத்தித் துணி கட்டிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.

பண்ணைக்காட்டிலிருந்து: தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் முடியை நேராக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். பார்லரில் கெரட்டின் போடுகிறார்கள், ஃபார்மலின் இல்லையாம்.

செய்யாதீர்கள். ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2004லேயே வகைப்படுத்திவிட்டார்கள். அது இல்லை என்று விற்கும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கும். தலையில் போட்ட அது சிறுநீரகத்தைப் பாதித்த விவரம் 2024ல் மருத்துவ இதழிலேயே வந்தது. நிரந்தரமாக நேராக்கும் வகை முடியின் உள்கட்டையே உடைப்பது. அந்த முடி திரும்பச் சுருளாது, வளர்த்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முந்தைய 3 மாதம் புதிதாக எதையும் தலையில் முயற்சி செய்யக்கூடாது. ஜடை பின்னி நிலக்கோட்டை மல்லிகை வைத்துப் பாருங்கள். நேர்முடியில் நழுவும் பூ சுருளில் அசையாமல் நிற்கும். மாமியாருக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

பழனி அடிவாரத்திலிருந்து: பெண் குழந்தைக்கு 11 மாதம். முடி சுருட்டை, மெலிசு. 3 மொட்டை போட்டால் அடர்த்தியாகவும் நேராகவும் வரும் என்கிறார் அத்தை. நிஜமா?

இல்லை. பிளேடு வெட்டுவது தோலுக்கு மேலே உள்ள முடியை. முடியின் தடிமனையும் வளைவையும் தீர்மானிக்கும் வேர்ப்பை தோலுக்கு அடியில் இருக்கிறது. 1928லேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் சவரத்துக்குப் பின் முளைத்த முடியை அளந்து, தடிமனும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை என்று எழுதிவிட்டார்.

பூம்பாறையிலிருந்து: அக்கா, தப்பாகச் சொல்கிறீர்கள். என் பெரியவனுக்கு ஒரு வயதில் சுருட்டை, பூனை முடி. இரண்டு மொட்டைக்குப் பிறகு கறுகறுவென்று நேராக வந்தது. கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது?

ஒட்டன்சத்திரத்திலிருந்து: முருகனுக்கு முடி இறக்குவதை வெள்ளைக்காரர் ஆராய்ச்சியை வைத்து மறுக்க வேண்டாம்.

ஒட்டன்சத்திரத்து ஐயாவுக்கு: நான் மறுக்கவில்லை. என் இரண்டு பிள்ளைகளுக்கும் பழனியில்தான் முடி இறக்கினேன், சந்தனம் பூசி மலையேறினேன். காணிக்கை என்றால் கொடுப்பது. பதிலுக்கு அடர்த்தி வேண்டும் என்று நான் கேட்டதில்லை. குழந்தையின் முடியில் குறை கண்டு, அதைத் திருத்த மொட்டை போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பூம்பாறைத் தங்கச்சிக்கு: நீங்கள் பார்த்தது உண்மை. காரணம்தான் வேறு. குழந்தையின் முதல் முடி மெலிசு, அது போய்ப் பெரிய முடி வருகிற வயதும் நாம் மொட்டை போடுகிற வயதும் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. மொட்டையே போடாத பிள்ளைகளுக்கும் மாறும், நேராகவும் மாறும், சுருளாகவும் மாறும்.

பழனி, முடி இறக்கும் தொழில் செய்பவர்: அம்மா, நான் 30 வருஷமாக முடி இறக்குகிறேன். மொட்டைக்குப் பிறகு முளைப்பதைத் தடவினால் கையில் குத்தும். நுனி மழுங்கி இருப்பதால் அப்படி. அதைத்தான் அடர்த்தி என்று நினைக்கிறார்கள். சுருட்டைத் தலையோடு வந்த பிள்ளை அடுத்த மொட்டைக்கும் சுருட்டையோடுதான் பெரும்பாலும் வருகிறது.

தம்பி, நான் அரைப் பக்கம் எழுதியதைவிட நீங்கள் சொன்னது தெளிவாக இருக்கிறது. உங்கள் கைவழியே போன தலைகளை எந்த ஆஸ்பத்திரியும் பார்த்திருக்காது. மிக்க நன்றி.

பூம்பாறையிலிருந்து மறுபடி: சரி அக்கா. சின்னவனுக்கு இன்னும் இறக்கவில்லை. அவனை வைத்துப் பார்க்கலாமா?

அருமையான யோசனை. 6 மாதத்துக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள். அப்புறம் எப்போது முடி இறக்கினாலும் புது பிளேடு போடச் சொல்லிக் கண்ணால் பாருங்கள், ரத்தத்தில் பரவும் மஞ்சள் காமாலை பழைய பிளேடில் வரும். மேலே வரும்போது குல்லாவையும் மறக்காதீர்கள்.

மூன்று பேர் சேர்த்து: வெங்காய எண்ணெய்? கரிசலாங்கண்ணி எண்ணெய்? விளக்கெண்ணெய்?

மூன்றுக்கும் பதில் ஒன்றுதான், நாயுடுபுரத்துக்குச் சொன்னது. இனி எண்ணெய்க் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன். 3 மாதத்துக்கு முன்னால் உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள், அதற்குப் பதில் சொல்கிறேன்.

மன்னவனூரிலிருந்து: தலையில் ரூபாய் அளவு வழுவழு வட்டம். புழுவெட்டு என்கிறார்கள். மலைப்பூண்டை அரைத்துத் தேய்க்கலாமா?

புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடி வேரையே தாக்குவது அது. பூண்டு தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். தோல் டாக்டரிடம் இந்த வாரமே போங்கள்.

வேலையை விட்டு ஊர் திரும்பியவர்: பயோட்டின் மாத்திரை நல்லதா?

குறைபாடு இல்லாதவருக்குப் பெரிய பயன் இல்லை. தைராய்டு போன்ற ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே அது தப்பாகக் காட்டும். சாப்பிடுகிறீர்கள் என்றால் லேபில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கூக்காலிலிருந்து: அம்மா தவறி 3 மாதம் ஆகிறது. முடி கொட்டுகிறது. இந்த நேரத்தில் இதைக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்படாதீர்கள் கண்ணு. அந்த நாட்களில் நீங்கள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அதைத்தான் முடி இப்போது காட்டுகிறது. அரை வருடத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். நேரத்துக்கு ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் பயறோ சாப்பிடுங்கள். தலை வாரிவிட வீட்டில் யாராவது இருந்தால் கொஞ்ச நாள் அவர்களிடம் தலையைக் கொடுங்கள்.

கொடைக்கானலிலிருந்து: காலை நடைக்குக் கம்பளிக் குல்லா போட்டே ஆக வேண்டியிருக்கிறது. எடுத்தால் முடி உடைந்து பறக்கிறது.

கம்பளி சுருளின் ஈரத்தை உறிஞ்சும், உரசி உடைக்கும். கிழிந்த பட்டுப் புடவை இருந்தால் முந்தானை ஜரிகையை விட்டுவிட்டு உடல் துணியில் ஒரு வட்டம் வெட்டி, குல்லாவுக்குள் நாலு இடத்தில் தைத்துப் பிடியுங்கள். நான் 6 வருடமாக அப்படித்தான் போடுகிறேன்.