வாசகர் கேள்வி பதில்: அலைநீளமும் அதிர்வெண்ணும்

ஒளியும் ரேடியோ அலையும் ஒரே வகைதான் என்கிறார்கள். அதிர்வெண் கூடினால் அலைநீளம் குறையும் என்றும் படிக்கிறோம். இரண்டில் எது எதை முடிவு செய்கிறது?
– பிளஸ் டூ மாணவி, கொருக்குப்பேட்டை

அதிர்வெண்தான் முதலில் முடிவாகிறது. அலை பிறக்கும் இடத்தில் மின்னூட்டம் விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ, அதுதான் அதிர்வெண். ஓர் அதிர்வு முடிவதற்குள் அலை எவ்வளவு தூரம் போகிறதோ, அது அலைநீளம். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் வந்துவிடும். வெற்றிடத்தில் அந்த வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர். காற்றிலும் கிட்டத்தட்ட அதேதான்.

மனக்கணக்காகப் போட வேண்டுமா? 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள், விடை மீட்டரில் கிடைக்கும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் (0.72 மெகாஹெர்ட்ஸ்) அலை ஏறக்குறைய 417 மீட்டர் நீளம். 101.4 எஃப்.எம். ரெயின்போவுக்கு 2.96 மீட்டர். சிவப்பு லேசர் பேனாவின் ஒளிக்கு வெறும் 650 நானோமீட்டர். மூன்றும் மின்காந்த அலைகளே. மேக்ஸ்வெல் 1865-ல் கணக்காக எழுதியதை, 1887-88-ல் ஹெர்ட்ஸ் தீப்பொறியால் மீட்டர் நீள அலைகளை உண்டாக்கி மெய்ப்பித்தார். தேர்வில் இந்தக் கணக்கு தப்புவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: நானோமீட்டரை மீட்டராக மாற்றாமல் அப்படியே போட்டுவிடுவது.

படகில் பேச வைத்திருக்கும் வி.எச்.எஃப். ரேடியோ செட்டின் ஏரியல் உடைந்துவிட்டது. கார் எஃப்.எம். ஏரியல் கைவசம் இருக்கிறது. தற்காலிகமாக மாட்டலாமா?
– படகு ஓட்டுநர், காசிமேடு

மாட்டினால் அடுத்தவர் பேசுவது ஓரளவு கேட்கும். ஆனால் அதை வைத்து நீங்கள் பேசக் கூடாது. 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 1.91 மீட்டர். அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கால் அலை ஏரியல் என்றால் கணக்குப்படி 48 செ.மீ. கம்பியின் நுனி விளைவுக்காக 5 சதவீதம் குறைத்து 45, 46 செ.மீ. வைப்பார்கள். எஃப்.எம்.முக்குக் கால் அலையே 74 செ.மீ. வரும். அளவு பொருந்தாத ஏரியலில் ஆற்றல் முழுதும் ஏறாது, ஒரு பங்கு கேபிள் வழியே செட்டுக்கே திரும்பி வரும். 25 வாட்டில் பேசும்போது அப்படித் திரும்பினால் அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடேறிப் போய்விடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கால் அலை ஏரியலுக்கு அடியில் உலோகப் பரப்பு தேவை. இரும்புப் படகில் அது இருக்கிறது. ஃபைபர், மரப் படகுகளில் இல்லை, அதனால் அரை அலை ஏரியல் வாங்குங்கள். கேபிள் 50 ஓம் வகையாக இருக்க வேண்டும். டி.வி. கேபிள் 75 ஓம், அது வேண்டாம். பழைய கேபிளை வைத்துக்கொள்வதானால் நுனியைச் சீவிப் பாருங்கள். உள்ளே பின்னல் கம்பி பச்சை பூத்திருந்தால் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது என்று அர்த்தம். செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள், தெரியவே இல்லையென்றால் புதுக் கேபிள்தான். மாட்டியபின், ஆற்றல் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் 1.5-க்குள் காட்டினால் நல்லது. 3-ஐத் தாண்டினால் பேச்சுப் பொத்தானைத் தொடாதீர்கள். சோதனையை 1 வாட்டில், வேறு சேனலில் செய்யுங்கள். 16 ஆபத்துக் குரலுக்கும் அழைப்புக்கும் உரியது.

அலைநீளத்தை வீட்டிலேயே குழந்தைகளுக்கு அளந்து காட்ட முடியுமா?
– வாசகி, பெரம்பூர்

மைக்ரோவேவ் அடுப்பும் பொரிக்காத அப்பளமும் இருந்தால் முடியும். அடுப்பின் பின்புறத் தகட்டில் 2450 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். சுழலும் கண்ணாடித் தட்டையும் அதன் கீழுள்ள உருளை வளையத்தையும் எடுத்துவிட்டு, நடுவில் சுழலும் அச்சு படாதபடி ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். அதன்மேல் அப்பளங்களை இடைவெளியில்லாமல் பரப்பி முழு வேகத்தில் ஓடவிடுங்கள். கண்ணாடிக் கதவு வழியே பார்த்துக்கொண்டே இருந்தால், எல்லா இடமும் ஒன்றாகப் பொரியாமல் அங்கங்கே வெள்ளைக் கொப்புளம் கிளம்புவது தெரியும். உடனே நிறுத்துங்கள். இன்னும் விட்டால் கொப்புளங்கள் ஒன்றோடொன்று கலந்து அளவெடுக்க எதுவும் மிஞ்சாது. அப்பளத்தில் ஈரம் குறைவு, உறிஞ்ச ஆளில்லாத ஆற்றல், அலையை உண்டாக்கும் அடுப்பின் மேக்னட்ரானுக்கே திரும்பும். அதனால் 30 விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம்.

கொப்புளத்தின் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அல்ல, நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். பெட்டிக்குள் எதிரொளித்து நிற்கும் அலையில் இரண்டு சூட்டு இடங்களுக்கு நடுவே பாதி அலைநீளம். 6.1 செ.மீ. வந்தால் முழு அலை 12.2 செ.மீ. அதை 2450 மெகாஹெர்ட்ஸால் பெருக்கினால் விநாடிக்கு 29.9 கோடி மீட்டர், அதாவது ஒளியின் வேகம். அலைகள் பெட்டிக்குள் சாய்வாகவும் போவதால் இடைவெளி 7 செ.மீ. வரை போவதுண்டு. நாலைந்து ஜோடிகளை அளந்து, அடிக்கடி வரும் சிறிய இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

மீன் தொட்டிச் செடிகளுக்கு 650 நானோமீட்டர் சிவப்பு எல்.இ.டி. விற்கிறோம். தண்ணீருக்குள் அலைநீளம் சுருங்கும் என்கிறார் ஒரு வாடிக்கையாளர். அப்படியானால் நிறமே மாறிவிடுமே?
– வண்ணமீன் கடைக்காரர், கொளத்தூர்

அவர் சொல்வது சரி. தண்ணீரில் ஒளியின் வேகம் 1.33 மடங்கு குறைகிறது. 650 என்பது சுமார் 489 நானோமீட்டராகச் சுருங்கிவிடும். காற்றில் அது நீலப்பச்சைக்குரிய அளவு. ஆனாலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். விநாடிக்கு 4.6 கோடி கோடி என்ற அதன் அதிர்வெண்ணைத் தண்ணீரால் மாற்ற முடியாது. கண்ணும் செடியின் பச்சையமும் உணர்வது அந்த அதிர்வெண்ணைத்தான். கண்ணின் உட்பகுதியே தண்ணீர் போன்ற திரவம்தானே, கரையில் நிற்பவர் விழித்திரையிலும் சுருங்கிய அலைதான் விழுகிறது.

உங்கள் வியாபாரத்துக்கு முக்கியமானது தண்ணீர் உறிஞ்சுவதுதான். 45 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் இந்தச் சிவப்பில் ஏழில் ஒரு பங்கு அடியில் சேருமுன்பே போய்விடும். 450 நானோமீட்டர் நீலம் சுத்தமான தண்ணீரில் அநேகமாகக் குறையாது. ஆனால் மரக்கட்டை போட்டுத் தண்ணீர் டீ நிறமாகியிருந்தால் நீலம்தான் முதலில் அடிபடும். அப்படிப்பட்ட தொட்டிக்கு விளக்கின் வாட்டைக் கூட்டுவதற்கு முன் தண்ணீரை மாற்றச் சொல்லுங்கள்.