நகையை அடகு வைக்க முன்னம் ஓடரை எண்ணுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 36. கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். மருதானைப் பக்கம் ஒரு வாகனக் குஷன் கடையில் வேலை. மாதம் 85,000 ரூபாய், ஈ.பி.எஃப்பும் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறார்கள். இரவில் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளுக்குக் கையால் தோல் சீட் தைக்கிறேன். பழைய பைக் வைத்திருப்பவர்கள் கூடி உதிரிப்பாகங்களை விற்கிற, மாற்றிக்கொள்கிற ஞாயிறு சந்தை ஒன்றில் போன மாதம் மேசை போட்டேன். ஆறு சீட் கொண்டுபோனேன். இரண்டு விற்றது, ஒன்று 14,000 ரூபாய்ப்படி. எனக்குச் செலவு ஒன்றுக்கு 6,850 தான்: தோல் 5 சதுர அடி 2,250, ஃபோம் 1,500, நூல், பசை, பின் எல்லாம் 600, மருதானைக்குப் பக்கத்தில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் வாங்கும் பழைய அடித்தகடு 2,500. பாதிக்கு மேல் லாபம். இப்போது தோல் தைக்கிற பாவித்த மெஷின் ஒன்று 280,000 ரூபாய்க்கு வருகிறது. மனைவியின் நகையை அடகு வைத்தால் மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி. மெஷினை வாங்கி, வேலையை விட்டு, இதையே தொழிலாகச் செய்யலாமா? மனைவி நகை தரச் சம்மதம். ஆனால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார்.

பதில்: உங்கள் மனைவி சரியான நேரத்தில்தான் கேட்கச் சொல்லியிருக்கிறார். நகையை எடுத்த இடத்திலேயே வையுங்கள். வேலையையும் விடாதீர்கள். ஆனால் சீட் தைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் காசு இருக்கிறது, நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

மேலதிக விவரம் கேட்டதற்கு நீங்கள் அனுப்பிய பதிலை வைத்து 6,850 கணக்கை முதலில் பிரிப்போம். தோலைக் கடையில் ஐந்து அடி வெட்டித் தருவதில்லை, பாதித் தோலாகத்தான் வாங்க வேண்டும் என்கிறீர்கள். 20 சதுர அடி, அடி 450 ரூபாய்ப்படி 9,000. அதில் மூன்று சீட் வருகிறது. வயிற்றுப் பக்கம் இழுபடும், கழுத்துப் பக்கம் சுருக்கம் விழுந்திருக்கும். அந்தத் துண்டுகள் உங்கள் கட்டிலுக்குக் கீழே ஒரு பையில் கிடக்கும், இல்லையா? அவற்றுக்கும் நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே ஒரு சீட்டுக்குத் தோல் 2,250 அல்ல, 3,000. சந்தையில் மேசைக்கு 3,000, ஓட்டோவுக்குப் போக வர 2,000. அந்த 5,000 ரூபாயை விற்ற இரண்டு சீட்டும்தான் சுமக்க வேண்டும், ஒன்றுக்கு 2,500. இப்போது செலவு 10,100. கையில் நிற்பது 3,900.

இதோடு முடியவில்லை. விற்ற இரண்டில் ஒன்று மழையில் நனைந்து, தையல் விட்டுத் திரும்பி வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். புது ஃபோம் 1,500. இரண்டுக்கும் பகிர்ந்தால் 750 குறைந்து 3,150. ஒரு சீட்டுக்குப் பதினொரு மணித்தியாலம் எடுக்கிறது. மணிக்கு 290 ரூபாய்கூட இல்லை. உங்கள் சம்பளத்தை மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்று பிரித்தால் மணிக்கு ஏறக்குறைய 408 வருகிறது. உங்கள் முதலாளி தருவதைவிடக் குறைவாகத்தான் நீங்கள் உங்களுக்கே சம்பளம் கொடுக்கிறீர்கள். அதுவும் ராத்திரி வேலைக்கு.

இந்த நிலையில் மெஷின் வந்தால் என்ன நடக்கும்? 280,000 ரூபாய்க்கு மாத வட்டி 4,200. அடகைப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் மீட்க வேண்டும், இல்லாவிட்டால் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். வருடத்துக்குள் மீட்க மாதம் 23,300 ஒதுக்கினால் வட்டியோடு முதல் மாதம் 27,500. சீட்டுக்கு 3,150 மிஞ்சினால், ஒன்பது சீட் விற்றது நகைக்கே போய்விடும். நீங்கள் விற்றது இரண்டு. மெஷின் தையல் வேலையைத்தான் குறைக்கும், பதினொரு மணித்தியாலத்தில் அது நான்குதான். அளவு எடுப்பது, ஃபோமைச் செதுக்குவது, தகட்டில் இழுத்துப் பொருத்துவது எல்லாம் அப்படியே இருக்கும். கையால் தைத்தது என்பதற்காகத்தான் அந்த இரண்டு பேரும் வாங்கினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். மோட்டார் சைக்கிள் சீட் என்பது பெல்ட், பர்ஸ் போல யார் வந்தாலும் எடுத்துக்கொண்டு போகிற சாமான் அல்ல. ஹொண்டா பென்லிக்குத் தைத்தது சுசுகி ஜி.என். 125க்குப் பொருந்தாது. ஹொண்டா ரோட்மாஸ்டர் வைத்திருப்பவர் உங்கள் மேசைக்கு வந்து, தடவிப் பார்த்து, "என்ர பைக்குக்கு இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். சந்தைக்கு நூறு பேர் வந்தாலும் உங்கள் ஆறு சீட்டில் ஒன்றுக்கு ஆள் கிடைப்பது அதிர்ஷ்டம். விற்காமல் வீட்டுக்குத் திரும்பிய நான்கிலும் தலைக்கு 7,600 ரூபாய்ச் சாமான் இருக்கிறது. மொத்தம் 30,400. பாதித் தோல் மூன்றுக்கு மேல் வாங்கலாம் அந்தக் காசுக்கு, இப்போது அது அலுமாரிக்கு மேலே தூசி படிந்துகொண்டிருக்கிறது.

ஆகவே சந்தைக்கு விற்கப் போகாதீர்கள், ஓடர் எடுக்கப் போங்கள். மேசையில் இரண்டே சீட் வையுங்கள். ஒன்று முடிந்தது. மற்றது ஒரு பக்கம் தோல் போர்த்தாமல் ஃபோமும், அதன்மேல் மழைநீர் உள்ளே இறங்காமல் போட்ட பொலித்தீன் தாளும் தெரிகிற மாதிரி. பார்க்கிறவனுக்கு அதுவே போதும், நீங்கள் வாயால் விளக்கத் தேவையில்லை. பக்கத்தில் நான்கைந்து நிறத் தோல் துண்டு, நூல் மாதிரி, ஒரு அளவு நாடா, கார்பன் வைத்த பற்றுச்சீட்டுப் புத்தகம். அடித்தகட்டை அவரே கழற்றிக் கொண்டுவரட்டும், உங்களுக்கு 2,500 மிச்சம். பாதிக் காசு முற்பணம்.

விலையை இப்படிப் போடுங்கள். தோல் 3,000, ஃபோம் 1,500, நூல், பசை 600, ஆக 5,100. ஒரு சந்தையில் நான்கு ஓடர் வந்தால் மேசையும் ஓட்டோவும் ஒன்றுக்கு 1,250. திரும்பி வருகிற வேலைக்கு என்று 650 ஒதுக்குங்கள். மொத்தம் 7,000. வாடிக்கையாளரின் தகட்டில் செய்து கொடுக்க 15,000 கேளுங்கள். முற்பணம் 7,500, சாமான் செலவு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும், உங்கள் பையிலிருந்து ஒரு சதம் போடத் தேவையில்லை. மிஞ்சுவது 8,000. ஒரு மொடலுக்கு முதல் தரம் வெட்டும்போதே தடித்த அட்டையில் அச்சு எடுத்து, மொடல் பெயரை எழுதிச் சுவரில் தொங்கவிட்டால் அடுத்த தரம் இரண்டு மணித்தியாலம் மிச்சம். ஒன்பது மணித்தியாலத்துக்கு 8,000 என்றால் மணிக்கு 890 ரூபாய் அளவில் வருகிறது. மெஷின் இல்லாமலே சம்பளத்தைவிட இரண்டு மடங்கு.

எந்த மொடல் என்பதில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். சி.டி. 125 பென்லி, சி.டி. 200 ரோட்மாஸ்டர், ஜி.என். 125, இந்த மூன்றோடு ஆரம்பத்தில் நில்லுங்கள். தினம் வேலைக்கு ஓடுகிற பல்சர்காரருக்கு ரெக்சீன் கவர் போதும், அவரிடம் 15,000 கேட்டால் சிரிப்பார், அதில் பிழையும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இருக்கிற பைக்கையே திருத்தி ஓட்டியவர்கள் பலர். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்துவிட்டது, புது பைக் வாங்க முடிந்தவர் பழையதுக்குச் செலவழிக்க மாட்டார். ஆனால் பென்லியைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்ல. அவர்தான் உங்கள் ஆள்.

பேரம் பேசுவார்கள், கட்டாயம் பேசுவார்கள். "அங்க ரெண்டாயிரத்துக்குக் கவர் இருக்கே" என்பார்கள். உங்கள் அடிவிலையை முதல் நாள் இரவே புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதிவிடுங்கள், பின்னேரம் மூன்று மணிக்குக் களைத்துப்போய் முடிவெடுக்காதீர்கள். மாற்றுச் சந்தை என்பதால் இன்னொன்றும் நடக்கும். ஒருவர் ரோட்மாஸ்டர் ஹெட்லைட் ஒன்றைக் கொண்டுவந்து, "இதை வைத்துக்கொண்டு சீட் தாங்களேன்" என்பார். பளபளவென்று இருக்கும், ஆசை வரும். அன்றைக்கே அதை வாங்கக்கூடிய ஒருவரின் பெயர் உங்கள் மனதில் உடனே வந்தால் எடுங்கள். வராவிட்டால் வேண்டாம். ஹெட்லைட்டைக் கொடுத்துத் தோல் கடையில் தோல் வாங்க முடியாது.

மழை விஷயம் உங்கள் கணக்கில் அப்படியே விழுகிற விஷயம். மேல் நடுவில் அழகுக்குத் தையல் ஓட்டினால் ஒவ்வொரு ஊசித் துளையும் தண்ணீர் குடிக்கும். தென்மேல் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை, பிறகு ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை. கொழும்பில் வருடத்தில் பாதிக்கு மேல் இந்தச் சோதனைதான். தையலைப் பக்கவாட்டு விளிம்புக்கு இறக்குங்கள். பற்றுச்சீட்டில் ஒரு வரி சேருங்கள்: தையல் விட்டால் ஆறு மாதத்துக்கு இலவசமாகத் திருத்தம், மழையில் நிறுத்தி நிறம் மாறினால், பூஞ்சணம் பிடித்தால் பொறுப்பில்லை. எழுதாவிட்டால் 650 ரூபாய் ஒதுக்கம் போதாது.

வேலையை எப்போது விடலாம் என்று கேட்டால், உணர்ச்சியை விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள். சம்பளம் 85,000. அதற்கு மேல் முதலாளி தன் பங்குக்கு ஈ.பி.எஃப் 12 வீதம், ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் போடுகிறார், 12,750. வேலையை விட்டால் அதுவும் போகும். ஆக 97,750 ரூபாய் சீட்டிலிருந்து வர வேண்டும். 8,000 ரூபாய்ப்படி மாதம் 13 சீட். பதின்மூன்று சீட் தைக்க உங்களுக்கு நேரம் இருக்கும், 117 மணித்தியாலம்தான். ஆனால் பதின்மூன்று ஓடர் இருக்கிறதா? மழைக்காலமும் சேர்ந்த ஆறு மாதம் தொடர்ந்து அந்த எண்ணிக்கை வந்தால் திரும்ப எனக்கு எழுதுங்கள். அதற்குள் மெஷினுக்கு வேண்டிய காசில் பெரும்பகுதி ஓடரிலிருந்தே சேர்ந்திருக்கும்.

தடித்த தோலில் நீளத் தையல் கட்டாயம் வேண்டும் என்றால் கடை மெஷின் இருக்கிறதே. சீட் தைப்பதை முதலாளிக்குத் தெரியாமல் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பஞ்சிகாவத்தைக்கும் மருதானைக்கும் எவ்வளவு தூரம்? சந்தையில் மேசை போட்ட செய்தி அவர் காதுக்கு ஏற்கெனவே போயிருக்கும். நீங்களே போய்ச் சொல்லுங்கள்: மோட்டார் சைக்கிள் தோல் சீட் மட்டும் என் சொந்த வேலை, கடை வாடிக்கையாளரைத் தொட மாட்டேன், கடை மூடிய பிறகு மெஷினைப் பாவிக்க ஒரு சீட்டுக்கு 500 ரூபாய் தருகிறேன் என்று. பல முதலாளிமார் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் உங்கள் நிலைமை தெளிவாகிவிடும்.

வரியை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. 2025/26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து தனிநபர் வரி விலக்கு வருடத்துக்கு 18 இலட்சம். உங்கள் சம்பளம் 10 இலட்சத்து 20 ஆயிரம். மாதம் ஐந்து சீட் என்றால் வருடத்தில் மிஞ்சுவது 4 இலட்சத்து 80 ஆயிரம், சேர்த்து 15 இலட்சம். எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். தாண்டினாலும் தாண்டிய முதல் பத்து இலட்சத்துக்கு 6 வீதம்தான். வரி இலக்கம் எடுத்திராவிட்டால் எடுத்துவிடுங்கள், இலக்கம் எடுத்ததாலேயே யாரும் வரி கேட்க மாட்டார்கள். கடைப்பெயர் ஒன்று வைத்து முற்பணம் வாங்கப் போகிறீர்கள் என்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். முதலில் கிராம உத்தியோகத்தரைப் பாருங்கள், தேவையான கடிதங்களை அவர் சொல்வார். அப்புறம் சீட் காசுக்கு என்று தனி வங்கிக் கணக்கு. முற்பணம் சீட்டைக் கொடுக்கும்வரை உங்கள் காசு அல்ல, வீட்டுச் செலவோடு கலந்தால் மாதக் கடைசியில் தோல் வாங்கக் கையில் இருக்காது.

மிச்சமிருக்கும் நான்கு சீட்டில் பென்லிக்குத் தைத்த இரண்டையும் மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றின் ஒரு பக்கத் தோலைக் கழற்றிவிடுங்கள். பல்சருக்குத் தைத்த இரண்டையும் படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கு அனுப்பி, 9,000 கிடைத்தாலும் கொடுத்துவிடுங்கள். 18,000 ரூபாய்க்கு இரண்டு பாதித் தோல் வரும்.