எழுதி அழிக்கும் அட்டைச் சில்லுகள்: கேள்வி பதில்

கேள்வி: பேட்டரியே இல்லாத அட்டையில் தகவலை எப்படி எழுத முடிகிறது?

பதில்: ரீடர் (அட்டையைக் காட்டும் கருவி) உண்டாக்கும் காந்தப் புலமே அட்டைக்கு மின்சாரம். 13.56 மெகாஹெர்ட்ஸில் மாறிக்கொண்டிருக்கும் அந்தப் புலம், அட்டைக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்ட, சில்லு இயங்கத் தொடங்குகிறது. பதில் சொல்லும்போது அது தானாக எதையும் ஒலிபரப்புவதில்லை. தன் சுருளின் சுமையை மாற்றி மாற்றி வைக்க, அந்த ஏற்ற இறக்கத்தை ரீடர் உணர்ந்துகொள்கிறது. எழுதுவதற்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும் என்பதால், சில்லுக்குள்ளேயே அதை உயர்த்தி, ஈஈப்ராம் என்ற, மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தின் காப்பிடப்பட்ட பகுதிக்குள் எலக்ட்ரான்கள் செலுத்தப்படுகின்றன. புலம் நின்ற பிறகும் அவை அங்கேயே தங்கிவிடும். எழுதி முடியும்முன் அட்டையை விலக்கினால் தகவல் சிதையலாம்.

கேள்வி: கதவு அட்டைகளில் பரவலான மைஃபேர் கிளாசிக் 1கே வகை அட்டை என்னிடம் உள்ளது. அதன் நினைவகத்தில் ஒரு செக்டர் (பகுதி) மட்டும் திறக்க மறுக்கிறது. ஏன்?

பதில்: அந்த செக்டரின் கடைசி பிளாக்கில் கை வைத்திருப்பீர்கள். 16 செக்டர்களில் ஒவ்வொன்றுக்கும் 16 பைட் அளவுள்ள 4 பிளாக்குகள் உண்டு. கடைசி பிளாக்கில் 6 பைட் நீளமுள்ள ஏ, பி என்ற இரு சாவிகளும் அவற்றின் நடுவே, எந்தச் சாவிக்கு என்ன அனுமதி என்று சொல்லும் ஆக்சஸ் பிட்டுகளும் இருக்கும். அந்தப் பிட்டுகள் நேராக ஒரு முறையும், 0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றி ஒரு முறையும் பதிய வேண்டும்; இரண்டும் பொருந்தாவிட்டால் செக்டர் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். இன்னொரு கண்ணியும் உண்டு: ஏ சாவியைப் படித்தால் எப்போதும் பூச்சியங்களே வரும். படித்ததை அப்படியே திருப்பி எழுதினால் சாவியும் பூச்சியமாகிவிடும்.

கேள்வி: குடியிருப்பின் கதவு அட்டையை நகலெடுக்கலாமா?

பதில்: குடியிருப்போர் சங்கத்திடம் இன்னோர் அட்டை கேளுங்கள்.

கேள்வி: 125 கிலோஹெர்ட்ஸ் சாவி வில்லையைக் கைபேசி படிப்பதில்லையே?

பதில்: படிக்காது. கைபேசியின் என்எஃப்சி (அட்டையை அருகில் வைத்துப் படிக்கும் வசதி) 13.56 மெகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும்.

கேள்வி: கதவுப் பூட்டு அமைப்பது என் தொழில். அட்டையின் எண்ணைத் தொழிற்சாலையிலேயே பதித்துவிடுகிறார்கள். அதை மட்டும் சரிபார்த்தால் போதாதா?

பதில்: போதாது. கேட்கும் ரீடருக்கெல்லாம் அட்டை சொல்லிவிடும் எண் அது. 125 கிலோஹெர்ட்ஸில், எண்ணை மட்டும் சொல்லும் ஈஎம்4100 சில்லை அழித்து எழுத முடியாதுதான். ஆனால் அதே எண்ணை, அழித்து எழுதக்கூடிய டி5577 சில்லில் எழுதிவிட்டால் பூட்டுக்கு வேறுபாடு தெரியாது. 13.56 மெகாஹெர்ட்ஸிலும் எண்ணை மாற்றக்கூடிய அட்டைகள் கடையில் கிடைக்கின்றன.

கேள்வி: மீண்டும் நான்தான். மைஃபேர் கிளாசிக்கின் சாவிகளையும் உடைத்துவிட்டார்களே, பிறகு சாவி எதற்கு?

பதில்: உடைத்தது உண்மை. அதன் 48 பிட் கிரிப்டோ1 குறியாக்க முறையின் பலவீனத்தை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளிக்கொணர்ந்தார்கள். அவர்களின் கட்டுரையைத் தடுக்க, அந்தச் சில்லின் தயாரிப்பாளரான என்எக்ஸ்பி நிறுவனம் தொடுத்த வழக்கை ஆர்னெம் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதனால் நீங்கள் ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கமுள்ள டெஸ்ஃபயர் வகை அட்டைக்கு மாற வேண்டுமே தவிர, சாவியையே கைவிடுவதற்கு அது நியாயமாகாது. வாடிக்கையாளர் உங்களுக்குக் காசு கொடுப்பது பூட்டுக்காக.

கேள்வி: அலுவலக அட்டையை நகலெடுக்க…

பதில்: குடியிருப்பு அட்டைக்குச் சொன்னதேதான்.

கேள்வி: ஓர் அட்டையின் முழுப் பதிவையும் வெற்று அட்டையில் எழுதப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஒவ்வொரு செக்டரின் கடைசி பிளாக்கையும். இரண்டாவது பதிலைப் படித்த பிறகு எழுதுங்கள்.