பல்கலைக்கழக வேலை: கேள்வி பதில்

பல ஆண்டுகளாகப் பல்கலைக்கழகத் தேர்வுக் குழுக்களில் விண்ணப்பங்களைப் படித்து வருகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

முதுகலை மட்டும்தான் முடித்திருக்கிறேன். ஆய்வுப் பணி கிடைக்குமா மேடம்?

தாராளமாகக் கிடைக்கும். ஆய்வு உதவியாளர், ஆய்வகத் தொழில்நுட்பர், தரவு மேலாளர் பணிகளுக்குப் பல இடங்களில் முனைவர் பட்டம் கேட்பதில்லை. முனைவர் பட்டம் முடித்தபின் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணியான போஸ்ட்டாக்குக்குத்தான் அது கட்டாயம்.

"நிதி இருக்கும்வரை நியமனம்" என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இப்படிப்பட்ட பணிக்குச் சம்பளம் பெரும்பாலும் பேராசிரியர் வாங்கிய திட்ட நிதியிலிருந்து வருகிறது. மூன்றாண்டுத் திட்டம் என்றால், ஆள் எடுப்பதற்குள்ளேயே சில மாதங்கள் ஓடியிருக்கும். அதனால் நேர்காணலில் "எத்தனை வருடம்?" என்று மட்டும் கேட்காமல், "திட்டம் எந்தத் தேதியில் முடிகிறது? எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஏன் போனார்?" என்றும் கேளுங்கள். நல்ல ஆய்வுக்குழுத் தலைவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால், அங்கே சேரலாமா என்று இன்னொரு முறை யோசியுங்கள்.

விண்ணப்பத்தை எப்படி எழுதுவது?

எங்கள் மேசையில் கட்டம் போட்ட ஒரு தாள் இருக்கும். இடது பக்கம் விளம்பரத்தில் கேட்ட தகுதிகள், மேலே விண்ணப்பதாரர்களின் பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பெண் போடுவோம். "புள்ளியியலில் ஆர்வம் உண்டு" என்று எழுதியவருக்கு அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்றே தெரியாது. "நாற்பது பேரின் பேட்டிகளைக் குறியீடு செய்து, ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் பகுப்பாய்ந்தேன்" என்று எழுதியவருக்குப் பேனா தானாக ஓடும். ஆகவே, கேட்ட தகுதிகளை அதே வரிசையில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் செய்த ஒரு வேலையைக் காட்டுங்கள்.

பெரிய ஆய்விதழில் கட்டுரை வரவில்லை. விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பியுங்கள். இதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை) வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் சொல்கிறது. பல நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. எல்லாக் குழுக்களும் அப்படியே நடக்கின்றன என்று சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டு வாய்ப்புகளை எங்கே தேடுவது?

ஐரோப்பாவுக்கு, ஆய்வாளர் வேலைகளைப் பட்டியலிடும் யூராக்செஸ் (EURAXESS) இணையதளம். ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி போஸ்ட்டாக் நிதிக்குப் போவதென்றால் ஒரு விதியைக் கவனியுங்கள்: விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், போகவிருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது.

நிர்வாகப் பணிக்குப் போனால் ஆய்வில் தோற்றவன் என்பார்களே?

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு வருத்தமாக இருக்கும். ஆய்வு நிர்வாகம் தனித் தொழில். அமெரிக்காவில் அதற்கான சங்கமே 1959-இல் தொடங்கிவிட்டது. நிதி விண்ணப்பத்தின் பட்ஜெட்டைச் சரிபார்ப்பது, ஒப்பந்தம் படிப்பது, நெறிமுறைக் குழு ஒப்புதல் வாங்குவது எல்லாம் ஆய்வு நிர்வாகிகள் கையில்தான். ஒருமுறை, சமர்ப்பிக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது, மூன்றாம் ஆண்டுச் சம்பளம் பட்ஜெட்டில் விடுபட்டிருப்பதை எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கண்டுபிடித்தார். அந்தத் திட்டத்தில் பிறகு இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது.