வாசகர் கேள்வி: பிரேக்கரா, தண்டவாளமா?

கேள்வி: என் மாதிரி ரயில் தடத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, டிசிசி (தண்டவாளம் வழியே மின்சாரத்தோடு டிஜிட்டல் கட்டளைகளையும் அனுப்பும் முறை) பூஸ்டருக்கும், அதாவது தடத்துக்கு மின்சாரம் தரும் கருவிக்கும், ஒவ்வொரு பகுதிக்கும் நடுவே ஒரு எலக்ட்ரானிக் சர்க்யூட் பிரேக்கர் பொருத்தியிருக்கிறேன். யார்டு இருக்கும் மூன்றாம் பகுதியின் பிரேக்கர் மட்டும், தடத்தில் ஒரு வண்டிகூட இல்லாதபோதும் டிரிப் ஆகிறது. சில விநாடிகள் கழித்துத் தானே மீண்டும் முயல்கிறது, மறுபடியும் விழுகிறது. பெரும்பாலும் பிற்பகலில்தான் இந்தத் தொல்லை. இரவில் ஒழுங்காக ஓடுகிறது. பிரேக்கர் போர்டை மாற்றிவிடலாமா?

பதில்: பொறுங்கள். நாய் குரைக்கிறது என்பதற்காக நாயை மாற்றுவார்களா? நான் ஒருமுறை மாற்றினேன். புதிய போர்டும் அதே பகுதியில் அதே போலக் குரைத்தது.

முதலில் 2, 3 ஆகிய பிரேக்கர்களிலிருந்து தடத்துக்குப் போகும் கம்பிகளை ஒன்றுக்கொன்று மாற்றிக் கொடுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்று குறித்துக்கொண்டு மாற்றுங்கள். இடம் வலமாகிவிட்டால் பகுதிகளின் எல்லையில் நீங்களே ஒரு ஷார்ட் சர்க்யூட் செய்தவராவீர்கள். இனி டிரிப் ஆவது 2ஆம் பிரேக்கர் என்றால் குற்றவாளி தண்டவாளம். 3ஆம் பிரேக்கரே விழுந்தால் போர்டைச் சந்தேகிக்கலாம். அதன் வெளியீட்டுக் கம்பிகள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். எதுவும் இணைக்காமலே விழுந்தால்தான் அது பழுது. விழாமல் நின்றால் 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றை மாட்டிப் பாருங்கள். நிலையாக எரிய வேண்டும். பெரிய பல்பு வேண்டாம். குளிர்ந்த இழை எரியத் தொடங்கும் நொடியில் பல மடங்கு மின்சாரம் இழுத்து நல்ல பிரேக்கரையும் விழவைத்துவிடும்.

ஆனால் என் சந்தேகம் முழுவதும் 'பிற்பகல்' என்ற உங்கள் சொல்லின் மேல்தான். 1 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 15 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் கால் மில்லிமீட்டர் நீளும். மின்சாரம் கடக்காமலிருக்க மெல்லிய ரம்பத்தால் அறுத்த இடைவெளியை மூட அது போதும். என் யார்டில் ஒரு பாயிண்ட்டின் (தடம் இரண்டாகப் பிரியும் இடம்) ஃபிராக்குக்கு, அதாவது உள் தண்டவாளங்கள் இரண்டும் சந்திக்கும் உலோக முனைக்கு, பின்னால் அறுத்திருந்த இடைவெளிதான் இப்படி மூடிக்கொண்டது. அதுவும் அந்தப் பாயிண்ட் ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது மட்டும் ஷார்ட் ஆகும். நானோ வேலை முடிந்து இரவில் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். தண்டவாளம் குளிர்ந்து, இடைவெளி திறந்து, எல்லாம் யோக்கியமாக இருந்தது. மூன்று இரவுகள் வீண்.

ஆகவே தொல்லை வரும் நேரத்திலேயே தேடுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, விளக்கு பொருத்திய பெட்டிகள் உட்பட எல்லா வண்டிகளையும் எடுத்துவிட்டு, தடக் கம்பிகளை பிரேக்கரிலிருந்து கழற்றுங்கள். மல்டிமீட்டரை பஸர் நிலையில் இரு தண்டவாளங்களிலும் வைத்து, பாயிண்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். எதைத் திருப்பும்போது ஒலி தொடங்குகிறதோ நிற்கிறதோ, அதன் ஃபிராக் இடைவெளிகளில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். காகிதம் நுழையாத இடம்தான் நீங்கள் தேடுவது. அதை மீண்டும் அறுத்து, ஒரு பிளாஸ்டிக் துண்டை ஒட்டி, தண்டவாளத்தின் வடிவத்துக்குச் சீவிவிடுங்கள். வெறும் காற்றை நம்பாதீர்கள்.

கேள்வி: தண்டவாளத்தின் குறுக்கே நாணயம் வைத்து பிரேக்கரைச் சோதிக்கச் சொல்கிறார்கள். போர்டு கெட்டுவிடாதா?

பதில்: ஷார்ட்டைப் பார்த்ததும் துண்டிப்பதுதான் அதன் வேலை. பிரேக்கரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள மூலையில் வையுங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் கையைச் சட்டென்று எடுத்து மின்சாரத்தை நிறுத்துங்கள். 5 ஆம்பியரில் விழும்படி அமைத்திருக்கிறீர்கள், தடத்தில் 14 வோல்ட் என்று கொள்வோம். போகவரக் கம்பிகளும் தண்டவாள மூட்டுகளும் சேர்ந்து 2.8 ஓமைத் தாண்டினால் அந்த 5 ஆம்பியர் ஒருநாளும் பாயாது. பிரேக்கர் தூங்கிக்கொண்டே இருக்கும். மூட்டுகளை நம்பாமல் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனிக் கம்பி பற்றவைத்து, முதன்மைக் கம்பியைத் தடிமனாக்குங்கள். 14 வோல்ட், 5 ஆம்பியர் அளவில் ஓரிடத்தில் கிட்டத்தட்ட 70 வாட் வெப்பம் இறங்கலாம். என் சால்டரிங் அயர்ன் வெறும் 25 வாட்தான். பிளாஸ்டிக் ஸ்லீப்பரை அது என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும்.